அலுமாரி அண்ணையும் ஒரு வேட்டைத் துவக்கும்

ஆளிவிதை எண்ணெய் டின்னின் மூடியைத் திறக்க இன்று காலை எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. மூட்டுவலிக்காரன் செய்கிற வேலையல்ல அது. ஒரு தேக்கரண்டி வளைந்துவிட்டது. மூடி கழன்றதும் ஒரு மணம் வந்தது பாருங்கள், அப்படியே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். நகரத்தின் லாசால் பகுதியில் இந்த மூன்றாம் மாடி வீட்டில் மீன்குழம்பையும் மூட்டுவலித் தைலத்தையும் தவிர வேறெதுவும் மணத்து வருடக்கணக்காகிறது. எண்ணெய் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். மணத்தின் கதை முதலில் வரட்டும்.

ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களைக் கேட்டால் என்னை 'அலுமாரி அண்ணை' என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள் வந்து, "அண்ணை, ஒரு உடுப்பு அலுமாரி செய்து தருவியளோ?" என்று கேட்டதும் உண்டு. உண்மையைச் சொன்னால், வாழ்நாளில் நான் ஒரு அலுமாரியும் செய்ததில்லை. கழன்ற மேசை லாச்சியை நேராகப் பூட்டக்கூடத் தெரியாது.

எல்லாம் பிரெஞ்சு வகுப்பால் வந்த வினை. நானும் மனைவி திரேசாவும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் அறையில் இருந்த நேரம். வகுப்பில் வீட்டுச் சாமான்களின் படம் காட்டினார்கள். அலுமாரிக்கு 'அர்முவார்' என்ற சொல் மட்டும் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. அடுத்த கிழமை டெப்பனர் என்கிற மூலைக்கடைச் சுவரில் ஒரு துண்டு: 'அர்முரியே' ஒருவருக்கு மரவேலை தெரிந்த உதவியாள் தேவை. அர்முரியே என்றால் அலுமாரி செய்கிறவராகத்தானே இருக்க வேண்டும்? பிரெஞ்சு படித்துவிட்டேன் என்ற புளுகத்தில் துள்ளிக்கொண்டு திரேசாவிடம் சொன்னேன், அவள் பங்குக் கோயிலில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

அர்முரியே என்றால் துவக்குத் திருத்துகிறவர்.

லாசாலில் கார் திருத்தும் கடைகளுக்கு நடுவில் அந்தப் பட்டறை. கதவைத் திறந்தால் சுவர் முழுக்கத் துவக்கு. ஊரில் ஆமிச் சென்றிகளில் என் நெஞ்சுக்கு நேரே நீண்ட சாமான்கள்தான், இங்கே விலைச்சீட்டோடு தொங்கின. திரும்பி ஓடியிருப்பேன். ஆனால் வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது, அடுத்த பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. பட்டறைக்காரர் ரேமோன் ஒரு கோப்பை கோப்பி தந்து என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். பஸ் வருவதற்குள் வேலை கிடைத்துவிட்டது. நான் வந்த காரணத்தை அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னபோது மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு 'மூசியே அர்முவார்', அலுமாரி ஐயா. அவருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். வேலை செய்யும்போது மூக்கால் ஒரு பாட்டு வரும், எப்போதும் ஒரே பாட்டு.

சாதாரணத் திருத்த வேலை போக, அவருக்கு ஒரு விசர் இருந்தது. மான் வேட்டைக்கான நீள றைபிள் இருக்கிறதல்லவா, கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுகிற வகை, அதன் நடு இயந்திரத்தை மட்டும் எடுத்து, கட்டைக் குழல் ஒன்று பொருத்தி, பிடியை நடுவில் வைத்து, கைத்துவக்காக மாற்றிவிடுவார். பார்த்தால் யாரோ ஒரு றைபிளைப் பாதி செய்துவிட்டுச் சாப்பிடப் போனமாதிரி இருக்கும். பெயர் வேட்டைப் பிஸ்டல். இந்த நாட்டில் கைத்துவக்கோடு வேட்டைக்குப் போகச் சட்டம் விடாது. சுடும் கழகத்தில் கடதாசியைத்தான் சுடலாம். "இதைக் கண்டு ஒரு மானும் பயப்பிடேல்ல," என்பார் ரேமோன். நான் உங்களுக்காக எங்கள் தமிழில் போட்டிருக்கிறேன். காட்டையே காணாத அந்த வேட்டைத் துவக்கு எனக்குப் பிடித்துப்போனது. நானும் அப்போது ஊருக்கும் இல்லை, இங்கேயும் இல்லை என்ற நிலைதான்.

என் வேலை மரப்பிடி. வால்நட் மரத்தைத் தேய்த்து, எண்ணெய் பூசி, ஒருநாள் காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி பூச வேண்டும். பத்துத் தடவை. ஒருநாள் ரேமோன் ஒரு பிஸ்டலைத் தூக்கிக் காட்டி, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். துவக்கு என்றேன். 'ஆரம்பி' என்பதற்கும் அதே சொல்தான் என்று கைபாஷையில் விளக்கினேன். அவருக்கு அது பெரிய புதினம். பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு, கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து "துவக்கு!" என்பார். நாங்கள் துவக்குவோம்.

திரேசாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. மன்னாரில் அவளுடைய தம்பியை வீட்டு வாசல் படலையடியில் வைத்துச் சுட்டார்கள். யாருடைய துவக்கு என்று அவள் ஒருநாளும் பிரித்துச் சொன்னதில்லை. அவளுக்கு எல்லாம் ஒரே துவக்குத்தான். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன். நாள் போகப் போகப் பயம் கூடியது. என் கையில் இருந்த எண்ணெய் மணம் அவளுக்குப் பிடித்திருந்தது, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வந்தபோது கொண்டுவந்த சூட்கேசுகளில்தான் எங்கள் உடுப்பு. "அலுமாரிக் கடையில வேலை செய்யிறியள், எங்களுக்கு ஒண்டு செய்தால் என்னப்பா?" என்பாள். "பேந்து பாப்பம்" என்று பிறகுக்குத் தள்ளுவேன். நாலு வருடம் பேந்து பார்த்தேன்.

ஒரு மாசி மாதம் மத்தியானம், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அவளே பட்டறைக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு நூல். எங்கள் அறைச் சுவரை அளந்து, அலுமாரி வரவேண்டிய நீளத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நான் நடுவில் நின்று ஒரு வேட்டைப் பிஸ்டலை நெஞ்சோடு அணைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரேமோன் முதன்முறையாகத் தனக்கென்று செய்தது அது. எட்டாவது பூச்சு.

"துவக்கோ?" என்றாள் திரேசா.

தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைக் கேட்ட சந்தோஷத்தில் ரேமோன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "துவக்கு! துவக்கு!" என்று அவளை வரவேற்றார்.

அவள் திரும்பி நடந்தாள். கோட்டைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினேன். வீட்டுக்கு வந்துதான், "இந்தக் கையாலயோ பிள்ளைக்குச் சோறு தீத்தினியள்?" என்றாள். பிள்ளையை இறக்கிவிட்டு, "நாளைக்குப் போகாதேங்கோ" என்றாள். நான் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. திரேசாதான் எடுத்தாள். "மூசியே அர்முவார் இருக்கிறாரோ எண்டு ஆரோ கேக்கினம்," என்று என்னிடம் நீட்டினாள். தலையை ஆட்டினேன். "இல்லையெண்டு சொல்லு." அந்தக் கிழமை முழுக்க ஏழு மணிக்கு மணி அடித்தது. பிறகு நின்றுவிட்டது. திரேசா என்னைப் போகவேண்டாம் என்றுதான் சொன்னாள், கதைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அது என் கோழைத்தனம். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் காலம் போனது. கடையில் ஒரு அலுமாரி வாங்கினோம், பின்பலகை மட்டை. லாசாலுக்கே வீடு மாறி வந்தும், பட்டறைத் தெருவால் போகிற பஸ்ஸில் நான் ஏறியதில்லை. திரேசா இறந்துபோய் மூன்று வருடம். மகள் வன்கூவரில், ஞாயிற்றுக்கிழமை எடுப்பாள். மற்ற நாட்களில் தொலைபேசியைத் துடைத்து வைப்பதோடு சரி.

போன மாதம் ஒரு புதன்கிழமை அது அடித்தது. ஒரு பெண் குரல். "மூசியே அர்முவார் இருக்கிறாரா?"

"இருக்கிறன்," என்றேன். தமிழில்தான் வந்தது.

அவள் ரேமோனின் மருமகள். அவர் பனிக்காலத்தில் இறந்துவிட்டார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்களாம். கைத்துவக்குகள் இனிக் கைமாறக்கூடாது என்று சில வருடங்களுக்கு முன் வந்த சட்டத்தால், அவருடைய பிஸ்டலை அவள் பொலிசிடம் கொடுத்துவிட்டாள், அழிப்பதற்கு. அதன் மரப்பாகம் மட்டும் சட்டத்துக்குத் தேவையில்லை, கழற்றி வைத்திருந்தாள். அதில் ஒரு சீட்டுக் கட்டியிருந்ததாம்: 'மூசியே அர்முவாருக்கு, இரண்டு பூச்சு பாக்கி.' கீழே எங்கள் தொலைபேசி இலக்கம். வீடு மாறியபோதும் திரேசா மாற்றவிடாமல் வைத்திருந்த அதே இலக்கம்.

மரத்தைக் கொண்டுவந்து தந்தாள். சுற்றியிருந்தது என்னுடைய பழைய கோட். பிடி, அவர் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் நான் விட்டுப்போன எட்டாவது பூச்சிலேயே மங்கிக் கிடந்தது. எண்ணெய் பூசத் தெரியாத மனிதரா அவர்? எனக்காக விட்டுவைத்திருக்கிறார்.

இன்று ஏழு மணிக்கே கோப்பி போட்டுக் குடித்தேன். மரம் சமையலறை மேசையில் இருக்கிறது, இரும்பு இருந்த இடம் குழியாக. துணியை எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து கையில் வைத்திருக்கிறேன். துவக்கு என்று சொல்லத்தான் ஆளில்லை.