அக்கா விரல் வைத்த வரி

தோப்பும்படிப் பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தேன். முந்தின நாள்தான் அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. வைட்டிலா பஸ் நிலையம் போனால் ஏதாவது பஸ் கிடைக்கும். எந்த ஊருக்கு என்று யோசிக்கவில்லை. அது போன வருடம்.

அக்கா தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவரும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். ஐந்தாம் வகுப்பு தேறியதாக அக்காவுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாசிக்க அவருக்குத் தெரியாது.

அத்தானுக்கு நகராட்சித் துப்புரவு வேலை கிடைத்து மலையாளக் கரையில் உள்ள மட்டாஞ்சேரிக்கு வந்தார்கள். அத்தான் சீக்கிரமே இறந்துபோனார். அதன்பின் அக்கா, தமிழ் வகுப்புகளும் உள்ள பக்கத்து அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைத்தார்.

தட்டோடு புத்தகமும் கொண்டுவந்து, பிள்ளைகள் அவருக்கு ஒரு வரி வாசித்துக் காட்ட வேண்டும். தடுமாறினாலும் சோறு உண்டு. ஆனால் அன்றைக்கே டீச்சரிடம் போய் நிற்பார்.

"டீச்சரே, இந்த மோளுக்கு வாசிப்பு வரலை. கொஞ்சம் பாருங்கோ."

"சேச்சிக்கு எப்படித் தெரியும்?"

"எழுத்துதான் தெரியாது. காது கேக்குமே."

ஒரு சிறுமி பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தே பல மாதம் ஏமாற்றினாள். விரித்திருந்தது வேறு பக்கம். டீச்சர் சொல்லித் தெரிந்த அன்று அக்கா சாப்பிடவில்லை. "நான் அஞ்சாங்கிளாஸ் பாஸானதும் இப்படித்தானே" என்றார். மறுநாளிலிருந்து குழம்புக் கையோடு ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, "இங்கேருந்து படி" என்பார். பள்ளிப் புத்தகமெல்லாம் மஞ்சள் கறை.

நான் ஏழாம் வகுப்போடு வீட்டைவிட்டு ஓடியவன். எப்போதாவது வருவேன்.

"ஏலே தம்பி, எனக்கும் எழுத்து சொல்லிக் குடு."

"அடுத்த தடவை, அக்கா."

"உனக்குக் காலுல சக்கரம். அதுக்குள்ள நான் கிழவியாயிருவேன்."

கிழவியாகும்வரை அக்கா இருக்கவில்லை. திருப்பூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பேச்சு நின்றிருந்தது. என் கையை மட்டும் பிடித்திருந்தார். மூன்றாம் நாள் அந்தப் பிடியும் தளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் காவலிருந்த அக்கம்பக்கத்துச் சுள்ளிக்கல் பெண்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கும், காரியத்துக்கு வரிசையாக வந்து நின்ற பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டீச்சருக்கு என் நன்றி தனி.

பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியவர் அவர்தான். "சேட்டா, இது சேச்சியோடது. அடுக்களை அலமாரியில இருந்துச்சு" என்று ஒரு கவரை நீட்டினார். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். சீவாத பென்சில்.

"பிள்ளைங்க எழுத்து சொல்லித் தரேன்னா சேச்சி சம்மதிக்காது. 'வேண்டாம் மோளே, என் தம்பி வருவான்'னு சொல்லும்."

அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை டீச்சரிடம் கேட்டு, பள்ளி அடுக்களையில் அக்காவின் வேலையில் சேர்ந்தேன். மதியம் வரிசையில் முதலில் நின்ற சிறுமி, கேட்காமலே புத்தகத்தை விரித்து நீட்டினாள். பக்கத்தின் நடுவில் காய்ந்த மஞ்சள் கறை. அதன்மேல் விரலை வைத்தேன்.

"இங்கேருந்து படி."