எல் போர்டு பஸ்ஸில் ஏறிய பெண்

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவர் கட்டாருக்குப் போனதும், பஸ் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் நின்றுவிட்டது. பெற்றோர்கள் சேர்ந்து நடத்துகிற பஸ் அது. ஹெவி லைசன்ஸ் வைத்திருந்தவர்கள் எல்லாம் கொழும்புக்கு லொறி ஓட்டப் போய்விட்டார்கள். பலாங்கொடை முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த பள்ளித் தவணை தொடங்குவதற்குள் டிரைவர் வராவிட்டால் பஸ்ஸை விற்றுவிடுவது என்று கூட்டத்தில் முடிவாயிற்று.

என் மகள் ஏ.எல். வகுப்பு, பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான பரீட்சைக்குப் படிக்கிறாள். மாலை வகுப்பு முடிந்து வந்தால், சந்தியிலிருந்து மேலே இறப்பர் காட்டு வழியே தனியாக நடக்க வேண்டும். "பஸ் இல்லன்னா அவ நின்னுக்கட்டும். படிச்ச வரைக்கும் போதும்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான் சண்டை போட்டேன். ஆனால் அவருக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. மகளிடம் இருவருமே வாய் திறக்கவில்லை.

நான் பல வருடமாகத் திரீவீல் ஓட்டுகிறேன். வேன் லைசன்ஸும் இருந்தது. "அப்ப நானே ஓட்டுறேன்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சிலர் சிரித்தார்கள். உங்கள் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஏற்றப் போகிறேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன்.

மெடிக்கல், எழுத்துச் சோதனை எல்லாம் சுலபம். எல் போர்டு மாட்டிய எங்கள் பஸ்தான் ஆட்டம் காட்டியது. முன்பக்கம் திரும்பிவிடும், பின்பக்கம் மட்டும் புகுந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெண் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். அதையும் வழிக்குக் கொண்டுவந்தேன்.

ட்ரயல் என்கிற ஓட்டுச் சோதனை இரத்தினபுரியில். அன்று தவறினால் மறுபடி கூப்பிடுவதற்குள் தவணை தொடங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்த பரீட்சகர் சிங்களவர், அதிகம் பேசாதவர். டவுனைத் தாண்டி ஒரு தேயிலை மலையடிவாரத்துக்கு வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில் நடந்து போகிறவர் கை காட்டினால் வண்டி நிற்கும். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியும் நிற்கும், திரீவீலும் நிற்கும். தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் ஜீப் மட்டும் நிற்காது. அன்று அந்த ஏற்றத்தில் கிளினிக் போய்விட்டு வந்த ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு கை காட்டினாள். என் கால் என்னைக் கேட்கவில்லை. சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரம் கட்டி, ஹேன்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டேன். அவள் ஏறி, "மேல லயத்துக்கிட்ட எறங்கிக்கிறேங்க்கா" என்று சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இது ட்ரயல் என்பது எனக்கு நினைவு வந்தது.

பரீட்சகர் திரும்பி அவளைப் பார்த்தார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"நங்கி, இது பஸ் ரூட் இல்லை" என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

"தெரியும் சேர். பழகிப்போச்சு" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். வேறு என்ன சொல்வது?

"சரி, எடு. ஏற்றினவளை இறக்கிவிட வேண்டாமா?"

செங்குத்தான ஏற்றம். எல்லாம் போயிற்று என்ற கோபத்திலேயே கிளட்சை விட்டேன். பஸ் ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தருகே அவள் நன்றி சொல்லி இறங்கிப் போனாள். அவளை அப்போது நான் நல்ல வார்த்தையால் நினைக்கவில்லை.

திரும்பி வந்ததும் பரீட்சகர் சொன்னார்: "ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்ல இன்னும் மேலே ஓர் இடம் வைத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய். நிறுத்தியதில் பிழை இல்லை. என்னைக் கேட்காமல் நிறுத்தியதுதான் பிழை. இனி நான் சோதிக்கிற வண்டியில் ஆள் ஏற்றாதே. பாஸ்."

வெளியே வந்து முதலில் மகளுக்குத்தான் போன் எடுத்தேன். அம்மா பாஸ், இனி பஸ் ஓடும் என்றேன்.

"அப்ப நான் கார்மென்ட்ஸ் வேலைக்கு வரலன்னு, அங்க வேல செய்யிற மேல் டிவிசன் அக்காகிட்ட சொல்லிரட்டுமாம்மா?" என்றாள். "திங்கக்கெழம வாரேன்னு சொல்லியிருந்தேன்."

எல்லோரும் படுக்கிற ஒரே அறை, எங்கள் லயத்துக் காம்பரா; அதில் நாங்கள் போட்ட சண்டை அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்குமா? கேட்டுவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேலையும் தேடி வைத்திருக்கிறாள்.

"இப்பவே போய்ச் சொல்லு" என்றேன்.