வெள்ளை பூசிய எண்

அவர் நகைக்கடைக் காவலாளி. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். வீட்டிலும் வெளியிலும் அவருக்கு ஒட்டகம் என்றுதான் பெயர். மனைவி ஓர் அழகு நிலையத்தில் நகம் திருத்தும் வேலை பார்த்தார். சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர் என்பதால்தான் நகைக்கடை அவரைச் சேர்த்துக்கொண்டது. துப்பாக்கி போனால் வேலையும் போய்விடும். அது அப்பாவிடமிருந்து வந்த, ஆறு குண்டு போடும் பழைய ரிவால்வர்.

ஆயுத உரிம அலுவலகத்தில் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுக்கு முன் அவர் ரிவால்வரில் வெட்டப்பட்டிருந்த எண்ணுக்குள் வெள்ளை பெயின்ட் நிரப்பிக்கொண்டு வருவார். கண்ணாடி போடாமலே படிக்கலாம். இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படித்தான் படித்தோம்.

புதிதாக வந்த அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. "பெயின்ட்டை யார் வேணா எப்படி வேணா பூசலாம். இரும்புல இருக்குற நம்பரைக் காட்டுங்க. ஒரு கீறல் விழுந்தாலும் நம்பரைத் திருத்துனதாத்தான் எழுதுவேன்" என்றார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்குக் காவலாளி மனைவியோடு வந்தார். பெயின்ட்டை எடுக்கும் வேலை என் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது உத்தரவு. குண்டுகளைத் தட்டில் வைத்துவிட்டு, அறைகள் ஆறும் காலி என்று சுழற்றிக் காட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க" என்றார் அந்த அம்மா. "அதிகாரி சொன்னது காதுல ஏறலையா?"

"அடியில கெட்டியா இருக்குடி."

"வருஷா வருஷம் பூசினா கெட்டியாகாம என்ன செய்யும்? வீட்டுக்கு ஒரே ஒரு தடவை பெயின்ட் அடிச்சீங்க. இதுக்கு மட்டும் இருபத்திரெண்டு தடவை!"

கைப்பிடியின் மரத்தில் படாதபடி அந்த அம்மா துணி சுற்றினார். நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, எண்ணின்மேல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தார். பெயின்ட் நெகிழ்ந்தது. பல் குத்தும் மரக்குச்சியால் ஒவ்வொரு கோடாக வழித்தெடுத்தார். முனை மழுங்கியதும் அடுத்த குச்சி. மொத்தம் பதினான்கு.

"ஒட்டகமே, வெளிச்சத்தை மறைக்காதீங்க. மூச்சு வேற கழுத்துல படுது."

பதினொன்றரைக்கு எண் முழுதாகத் தெரிந்தது. கீறல் ஒன்றுமில்லை. ஆனால் கடைசி இலக்கம் என் பதிவேட்டில் மூன்று; இரும்பில் எட்டு. எட்டின் இடது வளைவுகள் ஆழம் குறைந்திருந்தன. முதல் ஆண்டு அவருடைய தூரிகை அங்கே போகவில்லை. அதன்பின் பழைய பூச்சின் மேலேயே பூசியிருக்கிறார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வேற துப்பாக்கின்னு சொல்லிடுவாங்களா சார்? இந்த வயசுல எனக்கு யார் சார் வேலை குடுப்பா?"

"உங்கப்பாவோட பழைய லைசென்ஸ் இருக்கா?"

அந்த அம்மா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதில் எட்டு என்றே இருந்தது.

உரிமம் மகன் பெயருக்கு மாறிய அன்று நான் அதைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். பூச்சைப் பார்த்து எழுதியிருந்தேன். தவறு என்னுடையது என்று விளக்கம் எழுதினேன். மூன்றைச் சிவப்பு மையால் அடித்து, மேலே எட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். அதிகாரி படித்துப் பார்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். ஒப்புதல் வரப் பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை ரிவால்வர் எங்கள் பெட்டகத்தில் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் சீருடையில் வந்தார். இடுப்பில் தோலுறை புடைத்துக்கொண்டிருந்தது.

"உள்ள என்ன?" என்றேன்.

உறையைத் திறந்து, சுருட்டிக் கட்டிய இளஞ்சிவப்புத் துண்டு ஒன்றை உருவி மேசைமேல் வைத்தார். அழகு நிலையத்துத் துண்டு.

"அவ யோசனை சார். காலியா தொங்குனா தெரிஞ்சிடுமாம்."

"முதலாளி கவனிக்கலையா?"

"மொத நாளே தொட்டுப் பாத்துட்டாரு. மூடியைத் திறக்காம நில்லுன்னு மட்டும் சொன்னாரு."

பதிவேட்டில் கையெழுத்திட்டு, ரிவால்வரை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.