ஆடு தின்னாத செடி

பொம்மையார்பாளையத்து ரோட்டோர நர்சரியில் அந்த வெளிர் ஊதாப் பூச்செடியைத் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். இதய வடிவ இலை, புனல் போன்ற பூ, கிள்ளினால் பால். நெய்வேலிக் காட்டாமணக்கேதான்.

"மெயின்டனன்ஸே வேணாம் மேடம். ஒடிச்சு நட்டா வந்துடும். ஆடு மாடு வாய் வைக்காது" என்றான் கடைக்காரன்.

சுனாமிக்குப் பிறகு மரக்காணத்துக்கு வந்த ஓர் அதிகாரியும் என் அம்மாவிடம் இதையேதான் சொன்னார். அப்போது எனக்குப் பத்து வயது. உப்பளம் சேறாகி வேலையில்லாத அந்தக் கோடையில் எங்களுக்கு மிஞ்சியது ஒரு சினையாடு. அவர் பேச்சை நம்பி அம்மா அந்தக் குச்சிகளை வேலியாக நட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அவை தழைத்தன. கடல் ஏறிய மண்ணில் புல்லோ கருகிக் கிடந்தது. பசித்த ஆடு வேலியைக் கடித்தது. பிறகு அந்த இலையைத் தவிர வேறெதையும் அது தொடவே இல்லை. தலை ஆடி, கால் பின்னி, வயிற்றுக் குட்டியோடு செத்தது.

மறுபடி வந்த அதிகாரி, "ஆடு இதைத் தின்னாதேம்மா" என்றார், நாங்கள் பொய் சொல்வதுபோல.

"பசிச்ச ஆட்டை நீங்க பாத்ததே இல்லீங்களா?" என்று கேட்டாள் அம்மா. அவர் போனதும் அரிவாளை எடுத்து வேலியைத் துண்டு துண்டாக வெட்டி வாய்க்காலில் வீசினாள். மழை வந்ததும் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டது. வாய்க்கால் நெடுக ஊதாப் பூ.

"எத்தனை தொட்டி மேடம்?"

முறித்தெறியத் துடித்த கையை இழுத்துக்கொண்டேன்.

"இருக்கிறது எல்லாத்தையும் குடுப்பா. ஒரு குச்சிகூட கீழ விழாம கொளுத்தணும்."