மூன்றரை வருடங்களை மறைத்த கடிதம்

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தமிழர்களின் மனுக்கள் மேல் குடியுரிமை விசாரணைகள் நடந்துகொண்டிருந்த காலம். நான் ஹட்டனில் படிப்பை முடித்துவிட்டு, வட்டவளைப் பக்கம் எங்கள் தோட்டத்திலேயே வேலை தேடிக்கொண்டிருந்தேன். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதித் தொழிற்சங்கத் தலைவருக்காக மனுக்கள் எழுதிக் கொடுப்பேன். அவர் இந்த மலையிலேயே பிறந்தவர். லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர், யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போய், ஜப்பான்காரர்களிடம் மூன்றரை வருடம் கைதியாகக் கிடந்தார். சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்தார்களாம். வேட்டியை மடித்துக் கட்டும்போது, கணுக்காலுக்கு மேலே விரல் நுழையும் அளவுக்குப் புண் ஆறிய குழி ஒன்று தெரியும். கூட்டத்தில் யாராவது அந்தக் கதையை எடுத்தால், "சம்பளக் கதைக்கு வாங்கப்பா" என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

நகரசபைத் தேர்தலில் அவர் நிற்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டோம். அதற்கு முதலில் குடியுரிமை வேண்டும். இத்தனை வருடம் விடாமல் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். இடையில் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் மனு தள்ளுபடி. அந்த மூன்றரை வருடம் அங்கேதான் இடித்தது.

அவருடைய மனுவை எழுதியதும் நான்தான். பட்டாளத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டேனா? யுத்த காலம் முழுவதும் அவர் எங்கள் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தார் என்று இங்கிலீஷில் ஒரு கடிதமும் எழுதி, அவர்மேல் மதிப்பு வைத்திருந்த கணக்கப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினேன். தலைவரிடம் சொன்னால் விடமாட்டார் என்று தெரியும். சொல்லாமலே, விசாரணையன்று அவருடைய காகிதக் கட்டுக்குள் செருகிவிட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

அதிகாரி அதைப் படித்தார். அவர் முகம் தெளிந்தது. மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "யுத்த காலத்துல தோட்டத்துலேயே இருந்தீங்கன்னு கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்காரு. சரிதானே?"

ஆமாம் என்றால் போதும். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லீங்க ஐயா. நான் அப்ப சயாம்ல, ஜப்பான்காரன்கிட்ட கைதியா இருந்தேன். இந்தக் காயிதம் பொய். என் கட்டுல இருக்கிறதுக்கு நான்தான் பொறுப்பு. கணக்கப்பிள்ளையையோ இந்தத் தம்பியையோ ஒண்ணும் கேக்காதீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, இதை நான் பார்க்கவில்லை என்றார். கைதியாகக் கிடந்தது உங்கள் குற்றமில்லை, ஆனால் சட்டத்தின்படி தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றும் சொன்னார். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்து, எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அவர் பாலில்லாத பிளேன்டீ இரண்டு சொன்னார்.

"இங்கிலீசு நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. பொய்யே கோட்டு போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எலெக்சன்ல நின்னிருக்கலாமே, தலைவரே" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "சயாம்ல எங்க கொட்டாயில பதினோரு பேரு படுத்திருந்தோம். நாலு பேருதான் எந்திரிச்சு வந்தோம். மத்த ஏழு பேரு வீட்டுக்கும் சர்க்கார் காயிதம் ஒண்ணும் வரல. நான் தேடிப் போயிச் சொன்னதுதான் சேதி. மஸ்கெலியாவுல ஒரு பொண்ணு, என் பேச்சை நம்பித்தான் தாலியக் கழட்டுச்சு. இப்ப நான் அங்க இருக்கவே இல்லைன்னு சொன்னா, அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது?"

என் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

"சரி, குடி. நாளைக்கு வட்டகொடையில இருபது மனு இருக்கு. யாரு எழுதறது?"

அவர் கடைசிவரை தேர்தலில் நிற்கவில்லை. வாக்குச் சீட்டு அவர் கைக்கு வரவே இல்லை. ஆனால் அவர் கூட்டிப்போய் அதிகாரி முன் நிறுத்திய பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. என் அப்பாவும் அவர்களில் ஒருவர். போன வருடம் தலைவர் காலமானார். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் சயாம் காட்டில் அவர் பட்ட துன்பங்களைச் சொன்னார்கள். அந்த விசாரணை அறையைப் பற்றிச் சொல்ல எழுந்த நான், அவரைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருக்கிறேன். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், இதை நம்பி எங்கோ ஒருவர் தம் வாழ்க்கையில் என்ன முடிவு எடுக்கப்போகிறாரோ என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.