முதல் பாதி மட்டும் அவருடையது

கட்சி இடது பக்கம் சாய்கிறதா, வலது பக்கம் சாய்கிறதா என்று தேர்தலுக்கு நான்கு மாதம் இருக்கும்போதே எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்திரிகைகள் கேட்டன. தொலைக்காட்சியில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கட்சித் தலைவரோ, "நாங்கள் நகரவில்லை, சாலைதான் நகர்ந்திருக்கிறது" என்று பேட்டி கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க இன்னும் ஆறு பேர் வந்தார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்காத ஒருவர் இருந்தார். அந்தக் கட்சிக்காக முப்பத்தோரு வருடம் தொண்டை கிழியக் கத்தியவர். மரம் அறுக்கும் மில்லில் ரம்பத்துக்கு முன்னால் நிற்பவர். ஊரில் அவரைச் சங்கு என்பார்கள். மில் சங்கு ஊதுகிற சத்தமும் அவர் சத்தமும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் வந்த பட்டம். "சங்கு எதுக்கெல்லாம் ஊதுவாங்கன்னு தெரிஞ்சுதான் உங்களுக்கு அந்தப் பேரு வச்சிருக்காங்க" என்று அவருடைய மனைவி சொல்வதுண்டு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலை அவளுக்கு. பேச்சிலும் கத்தரி உண்டு.

ரம்பம் ஓடும்போது மறுமுனையில் கட்டையைப் பிடித்திருப்பவனுக்குத் தள்ளு, நிறுத்து, திருப்பு என்று மூன்று சொல் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் விரல் போய்விடும். அந்தக் கட்டாயத்தில் வளர்ந்த குரல் அது. அவருடைய இருபத்தோரு வயதில் கூலி உயர்வுக்காக ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. கோஷம் எழுப்ப வேண்டிய கட்சித் தொழிற்சங்கத் தலைவருக்கு அன்றைக்குச் சளி. பின்னாலிருந்து யாரோ இவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. வாழ்க்கையில் பலருக்கும் பாதை இப்படித்தான் அமைகிறது. பிறகு அதற்கு ‘கொள்கை’ என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

கோஷம் எழுப்புவதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. கோஷத்துக்கு இரண்டு பாதி. முதல் பாதி எழுப்புகிறவருடையது, இரண்டாம் பாதி கூட்டத்துடையது. முதல் பாதியின் கடைசி எழுத்தை இழுத்து மேலே ஏற்றி அந்தரத்தில் விட்டுவிட வேண்டும். கூட்டம் அதைப் பிடித்துக் கீழே போடும். பத்தாவது வரிசைக்கு அப்பால் முதல் பாதியில் என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் கேட்காது. ஏற்ற இறக்கம் மட்டும்தான் போய்ச் சேரும். ஆனாலும் கடைசி வரிசை வரை கை உயரும். சங்குக்கு இது தெரியும். தன் திறமைக்குச் சான்றாகத்தான் அதை எடுத்துக்கொண்டார். கவலைப்பட வேண்டிய விஷயமாக ஒருபோதும் அவருக்குத் தோன்றவில்லை. நம்முடைய அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை இரண்டாம் பாதிகள்தான் என்று நினைத்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. நமக்கும் இல்லை.

முப்பத்தோரு வருடத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் வார்டில் நிற்க ஒரு சீட்டு. முதல் தடவை அது மாவட்டச் செயலாளரின் மச்சானுக்குப் போனது. அடுத்த தடவை பெண்களுக்கான வார்டாகிவிட்டது என்றார்கள். சரி, என் மனைவி நிற்கட்டும் என்றார் இவர். செயலாளரின் மனைவி நின்றார். அப்புறம் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதற்கும் அடுத்த தடவை இவருடைய விண்ணப்பம் மேசை இழுப்பறைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் "அடுத்த தடவை கண்டிப்பா" என்று தோளில் தட்டினார்கள். பதவியால் வரும் வசதி எதுவும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. யாராவது ஒருவன் தெருமுனையில் நின்று இவர் பெயரை முதல் பாதியில் வைத்து இழுக்க, ஊர் பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை போதும். இதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் சிரிக்கவில்லை. அது அவளுக்குப் பெரிய காரியம்.

இந்தத் தடவை கட்சி அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கைபேசிக் கடைக்கு மேல் மாடி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஐந்தாவது ஆளுக்குப் பழைய சுவரொட்டிக் கட்டு. சங்கு சுவரொட்டிக் கட்டின்மேல் உட்கார்ந்தார். தலைமை அனுப்பிய ஆலோசகர், முப்பது வயதுக்காரர், மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு, அதில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள். கட்சி மூன்று புள்ளி எட்டில் நிற்கிறதாம், வாக்காளர்கள் ஐந்து புள்ளி ஆறில் இருக்கிறார்களாம். ஒன்று புள்ளி எட்டு வலது பக்கம் நகர வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்குள் நகர்ந்துவிடலாமா என்று செயலாளர் கேட்டார். அலமாரியை நகர்த்துகிற மாதிரி இருந்தது பேச்சு.

நகர்வதற்கான கருவி சங்குதான். புதிய கோஷங்கள் அச்சடித்த தாளை அவர் கையில் கொடுத்தார்கள். ‘முதலீட்டுக்கு உகந்த சூழலை உருவாக்கித் தர உறுதிபூண்டுள்ளோம்’ என்று இருந்தது முதல் வரி. சங்கு அதை மனசுக்குள் இழுத்துப் பார்த்தார். பாதியிலேயே மூச்சு நின்றது.

"இதை யாருங்க கத்த முடியும்?" என்றார். "நோட்டீஸ்ல போடுங்க. தெருவுல இது ஏறாது."

"கருத்துல ஏதாவது ஆட்சேபமா சார்?" என்று ஆலோசகர் கேட்டார்.

"கருத்தை விடுங்க தம்பி. மூச்சு எங்க விடறதுன்னு சொல்லுங்க."

சங்கு அதற்கு ஒரு வழியும் சொன்னார். பழைய கோஷம் ஒன்று இருக்கிறது, ‘முதலாளி கூட்டம் வருது’ என்று இவர் எடுத்தால், ‘விடமாட்டோம், விடமாட்டோம்’ என்று கூட்டம் முடிக்கும். இருபது வருடம் ஓடின மெட்டு. அதே அளவில் வெட்டிக் கொடுங்கள் என்றார். ஆலோசகர் கெட்டிக்காரர். பத்தே நிமிடத்தில் ‘முதலீடு தேடி வருது’, ‘வரவேற்போம், வரவேற்போம்’ என்று அளவெடுத்துத் தைத்த சட்டை போலக் கொடுத்தார். சங்கு விரலால் தொடையில் தட்டிப் பார்த்தார். ஓர் அசை கூடவில்லை, குறையவில்லை. நல்ல பலகை அறுத்து விழுந்ததும் வருகிற திருப்தி அவர் முகத்தில் வந்தது. கட்சி எந்தப் பக்கம் போகிறது என்று அப்போதும் அவர் கேட்கவில்லை. மெட்டு மாறவில்லை, அவருக்கு அது போதும்.

படியிறங்கும்போது செயலாளர் கூடவே வந்தார். "சங்கண்ணே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்லபடியா நடத்திக் குடுங்க. சீட்டு உங்களுக்குத்தான். தலைமைகிட்டப் பேசிட்டேன்." இதுவரை யாரும் தலைமையிடம் பேசிவிட்டதாகச் சொன்னதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் செயலாளர் போகிற போக்கில் சொன்னார். மேடையில் தலைநகரிலிருந்து வருகிற மூன்று தொழிலதிபர்களோடு மில் முதலாளியும் இருப்பார், போன மாதம்தான் கட்சியில் சேர்ந்தார். இருபத்தோரு வயதில் சங்கு முதன்முதலாகக் கத்தியது இந்த முதலாளியின் அப்பாவுக்கு எதிராகத்தான். சங்கு தலையாட்டினார். சீட்டு கிடைக்கும் என்றால் யார் எங்கே உட்கார்ந்தால் என்ன.

சனிக்கிழமை வீட்டில் ஒத்திகை பார்த்தார். மெதுவாகத்தான் எடுத்தார், ஆனாலும் அடுத்த வீட்டில் ஜன்னல் சாத்தினார்கள். "முதலீடு தேடி வருது" என்று இழுத்தார். சமையலறையிலிருந்து மனைவி, கரண்டியை நிறுத்தாமல், "விடமாட்டோம், விடமாட்டோம்" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அவள் கிண்டல் செய்யவில்லை. கவனிக்காமல் பதில் சொன்னாள். அதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இருபத்தாறு வருடமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பி ஊர்வலம் சந்தை முனைக்கு வந்தது. மேடையில் தொழிலதிபர்கள் மூவரும் முதலாளியும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி இருந்தும் சங்கு அதைத் தொடவில்லை. வாழ்நாளில் தொட்டதில்லை. முன்னால் வந்து நின்று, வயிற்றிலிருந்து எடுத்தார்.

"முதலீடு தேடி வருது..."

கடைசி எழுத்து மேலே ஏறி நின்றது. அவர் எடுத்ததிலேயே அழகான எடுப்பு அதுதான் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இரண்டாயிரம் பேர் கையை உயர்த்தினார்கள்.

"விடமாட்டோம், விடமாட்டோம்!"

முன்வரிசைக்காரர்கள் கையில் புதிய கோஷம் அச்சடித்த தாள் இருந்தது. அதை உயர்த்திக் காட்டிக்கொண்டேதான் அவர்களும் கத்தினார்கள். சங்கு இரண்டாவது தடவை ‘முதலீடு’ என்பதை அழுத்திச் சொன்னார். பதிலும் அதற்குத் தக்கபடி அழுத்தமாக வந்தது. தொழிலதிபர்களில் ஒருவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை சங்கு எடுக்கவில்லை. கூட்டம் அவர் இல்லாமலே முடித்தது.

மறுநாள் பத்திரிகைகளுக்கு நல்ல விருந்து. ‘கட்சி மீண்டும் இடதுசாரிப் பாதைக்கு’ என்றது ஒன்று. ‘அடிமட்டத் தொண்டர்களின் கலகம்’ என்றது மற்றொன்று. முதலீட்டாளர்களைப் பயமுறுத்திப் பேரம் பேசுகிற நுட்பமான வலதுசாரி உத்தி இது என்று ஒரு கட்டுரையாளர் அரைப்பக்கம் எழுதினார். அவரைப் பாராட்டி இரண்டு கடிதம் வந்தது. இரண்டாயிரம் பேருக்குப் பழக்கதோஷம் என்று யாரும் எழுதவில்லை. அதற்கு அரைப்பக்கம் தேவைப்படாது.

செவ்வாய்க்கிழமை கட்சியின் பழைய அணியைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர் மில் வாசலுக்கே வந்து சங்கின் மரத்தூள் படிந்த கையைப் பிடித்துக்கொண்டார். மக்களின் உள்ளக்குரலை வெளியே கொண்டுவந்த தோழர் என்றார். தப்பு நடந்துபோச்சு என்று சங்கு உள்ளதைச் சொன்னார். அந்த அடக்கமும் உழைக்கும் வர்க்கத்தின் குணம்தான் என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார். அப்படியானால் சீட்டுக்கு உங்கள் அணி சிபாரிசு செய்யுமா என்று சங்கு கேட்டபோதுதான் அவருக்குப் பேருந்துக்கு நேரமானது. "சீட்டு முக்கியமில்லை தோழர், திசைதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மூன்று தடவை சீட்டு வாங்கி நின்றவர்.

வேட்பாளர் பட்டியல் வந்தது. வார்டு முதலாளிக்கு.

செயலாளர் வீட்டுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை வேறு எதையோ பேசினார். பிறகு சொன்னார். ஆலோசகர் எல்லாருடைய குரலையும் ஆராய்ந்தாராம். சங்கின் குரலிலேயே ஒரு இடது சாய்வு இருக்கிறதாம், என்ன சொன்னாலும் எதிர்ப்பாகவே கேட்கிறதாம்.

"குரல்லயா?" என்று மனைவி கேட்டாள். "அவர் தண்ணி கேட்டாலே அப்படித்தாங்க இருக்கும். அதுக்கு முப்பத்தோரு வருஷம் கழிச்சா கண்டுபிடிச்சீங்க?"

செயலாளர் அவள் பக்கம் பார்க்காமல் அடுத்த விஷயத்துக்கு வந்தார். வேட்புமனுவை முன்மொழிய வார்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இடதுசாரிக் குரல் என்று பத்திரிகையில் வந்தவரே முதலாளியை முன்மொழிந்தால், கட்சியின் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது என்று எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போன புள்ளிகளில் ஒன்றாவது திரும்பி வரும் என்று ஆலோசகர் கணக்குப் போட்டிருக்கிறார். "நீங்கதான் அண்ணே காப்பாத்தணும். அடுத்த தடவை கண்டிப்பா" என்று தோளில் தட்டினார். சங்கு வழக்கம்போலத் தலையாட்டினார். முப்பத்தோரு வருடம் ஆடின தலை, சட்டென்று நிற்காது.

கடைசி நாள், மதியம் மூன்று மணிவரை நேரம். தேர்தல் அலுவலகம் இரண்டாவது மாடியில். பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் அதிகாரி. முன்னால் முதலாளி, செயலாளர், சங்கு. வாசலில் நான்கு புகைப்படக்காரர்கள். ஆலோசகர் ஒரு மூலையில் தாளும் பேனாவுமாக நின்றார். மனுவில் எல்லாம் நிரப்பியிருந்தது. ‘வேட்பாளர் பெயர்’ என்ற இடத்தில் முதலாளியின் பெயர் கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. முன்மொழிபவருக்கு ஒரு மெல்லிய கோடு. அதிகாரி பேனாவை நீட்டினார். சங்கு வாங்கினார். அந்த இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மணி இரண்டே முக்கால்.

"நான் முன்மொழியல" என்றார்.

செயலாளர் குனிந்தார். "என்ன அண்ணே சொன்னீங்க? கேக்கல."

"முன்மொழியல." சத்தத்தை ஒரு துளிகூட ஏற்றாமல் சொன்னார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

முதலாளி அவர் காதருகே வந்தார். "நாளைக்கு மில்லுக்கு வரணுமில்ல?"

"வருவேன் முதலாளி. ஆறு மணிக்கு வருவேன். அது வேலை."

பேனாவை மூடி அதிகாரியிடமே கொடுத்துவிட்டு நகர்ந்தார். செயலாளர் கீழே ஓடினார். காரில் தூங்கிக்கொண்டிருந்த முதலாளியின் டிரைவர் அதே வார்டுக்காரர் என்று தெரிந்ததும் அவரைச் சட்டைப் பித்தான் போடவிடாமல் மேலே இழுத்து வந்தார்கள். இரண்டு ஐம்பத்தாறுக்கு மனு ஏற்கப்பட்டது. ஆக, சங்கு மறுத்ததால் தேர்தலுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இதை வீரம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

சங்கு படியில் பாதி இறங்கியிருந்தார். ஆலோசகர் பின்னாலேயே வந்து மேல்படியில் நின்றார். கேலியில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், தலைமைக்கு அறிக்கை அனுப்பணும். இதை எந்தப் பக்கம்னு போட்டுக்கறது?"

"முன்மொழியலைன்னு போட்டுக்குங்க தம்பி."

தாளில் கோடும் ஒன்றிலிருந்து பத்து வரை கட்டங்களும் இருந்தன. அதற்கென்று ஒரு கட்டம் இல்லையே என்றார் ஆலோசகர். சங்கு இரண்டு படி மேலே ஏறி வந்து, தாளை வாங்கிப் பார்த்து, கோடு முடிந்த பிறகு ஓரத்தில் இருந்த வெற்றிடத்தை விரலால் காட்டினார்.