பேச்சி கட்டிய வீடு

முத்துப்பேச்சி இறந்த செய்தி எங்கள் கல்லூரிக் கணினித் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாட்டுத்தாவணியில் பேருந்துக்கு நின்றிருந்தேன். துறைத் தலைவர் ஒரு விளக்குப் படம் போட்டு, 'நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்' என்று எழுதியிருந்தார். "அட பாவி மனுசா, எந்தக் குடும்பம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பூக்கூடையோடு நின்ற பெண் விலகிப் போனார்.

கடைசி நாட்களிலும் காய்ச்சலோடு உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வகுப்புக்கு வந்தவள் அவள். கௌரவ விரிவுரையாளர்களான எங்களுக்கு விடுப்பு கிடையாது. கௌரவம் பெயரோடு சரி.

அவளிடம் படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு நிரல்மொழி வந்தது. ஆய்வகச் சர்வரில் அது இல்லை. நிறுவுவதற்கு அட்மின் பாஸ்வேர்ட் கேட்டோம். "டெம்பரரி ஸ்டாஃப் கையில சாவியக் குடுத்துட்டு நான் முழிக்கவா?" என்றார் தலைவர்.

வெளியே வந்ததும் பேச்சி சொன்னாள்: "பெரிய வீட்டுச் சாவிய அவரே இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியட்டும்ணே. சர்வர்ல என் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்குல்ல, அது என் வீடு. என் வீட்டுல அடுப்பு வைக்க எவன்கிட்டக் கேக்கணும்?"

அந்த மொழியின் மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கி, தன் ஃபோல்டருக்குள்ளேயே அதைக் கட்ட ஆரம்பித்தாள். அது, தனக்குத் தேவையான வேறொரு நிரல் சர்வரில் இல்லை என்றது. அதைக் கட்டப் போனால் அது இன்னொன்றைக் கேட்டது. "சாம்பார் வைக்க வந்தவ புளியங்கன்னு நட்டுக்கிட்டு இருக்கேன்ணே" என்று சிரித்தாள். மதியம் முழுக்க ஓடி, கடைசி வரியில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நின்றுவிட்டது. எங்கே போய் உட்கார வேண்டும் என்று தன் ஃபோல்டரின் முகவரியைக் கொடுக்க மறந்திருந்தாள். அது நேராகத் தலைவர் பூட்டி வைத்திருந்த பெரிய வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. "அங்க எதுக்குப் போன, மானங்கெட்டதே!" என்று திரையைத் திட்டிவிட்டு, முகவரி கொடுத்து, மறுபடி முதலிலிருந்து கட்டினாள்.

அதற்குப் பிறகு துறை முழுவதும் அவள் ஃபோல்டரிலிருந்துதான் அந்த மொழியை ஓட்டியது. கல்லூரியை மதிப்பிட ஆய்வுக் குழு வந்தபோது தலைவர் அதைத் தன் ஏற்பாடு என்று காட்டினார். பின்வரிசையில் பேச்சி என் காதில், "வீடு என்னுது, கிரகப்பிரவேசம் அவருக்காண்ணே?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே வாரம் சர்வரில் இருந்த அவள் கணக்கை ஃபோல்டரோடு நீக்கச் சொன்னார். செய்முறைத் தேர்வு வரைக்குமாவது விடுங்கள் சார் என்று கெஞ்சினேன். "ஆளே இல்ல, ஃபோல்டர் எதுக்கு?" என்றார். அந்த மனிதருக்கு நாக்கு கூசவில்லை.

நீக்குவதற்கு முன் எல்லாவற்றையும் என் ஃபோல்டருக்கு நகலெடுத்திருந்தேன். ஓட்டினேன். ஓடவில்லை. கட்டும்போது கொடுத்த முகவரி உள்ளேயே பதிந்துவிடும்; அது பேச்சியின் வீட்டைத் தேடிப் போய், முத்துப்பேச்சி என்று இங்கே எதுவும் இல்லை என்று திரையில் சொன்னது. அப்போதுதான் அழுதேன். இரங்கல் கூட்டத்தில் வராத அழுகை.

பிறகு நானும் முதலிலிருந்து கட்டினேன். என் ஃபோல்டருக்குள் அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, அந்தப் புது ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்தேன். தேர்வு நடந்தது. மாணவர்கள் தப்பாக எழுதும்போதெல்லாம் பிழைச் செய்தியில் அந்த முகவரியோடு அவள் பெயரும் வருகிறது. தலைவர் பார்த்துவிட்டார்.

"அந்தப் பேர மாத்த முடியாதா?"

"மாத்தலாம் சார். திரும்ப முதல்ல இருந்து கட்டணும். நீங்க கட்டித் தாரீகளா?"

அவர் தன் அறையைப் பார்த்து நடந்தார். அவர் முன்னால் நான் அப்படி வாய் திறந்தது அதுவே முதல் முறை. பேச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த வாய்தான். அதை நீக்க எந்த அட்மினாலும் முடியாது.